சரபோஜி மன்னரின் மருத்துவசாலை: மயக்க மருந்து இல்லாத காலத்துக் கதை

கடைவாய்ப் பல்லில் சொத்தை. இரண்டு நாளாகத் தூக்கமில்லை. பல் மருத்துவரிடம் போகிறீர்கள். ஊசி என்றாலே உங்களுக்கு நடுக்கம். மயக்கம் கொடுத்துப் பல்லைப் பிடுங்கிவிடும்படி கேட்கிறீர்கள்.

மருத்துவர் உடனே சம்மதிப்பதில்லை. கேள்வி மேல் கேள்வி கேட்கிறார். இழைப்பு உண்டா? இரவில் பலமாகக் குறட்டை விடுவீர்களா? காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? என்னென்ன மாத்திரை சாப்பிட்டு வருகிறீர்கள்? கூட யார் வந்திருக்கிறார்கள்?

பல் பிடுங்க வந்தவரிடம் குறட்டையைப் பற்றி என்ன விசாரணை என்று சிலருக்குக் கோபம்கூட வரும். வீட்டில் இருக்கும் பாட்டிக்கோ சின்னப் பையனுக்கோ மயக்கம் கொடுக்க வேண்டும் என்றால், கேள்விகள் இன்னும் கூடும்.

இந்தக் கேள்விகள் நேற்று முளைத்தவை அல்ல. மயக்க மருந்து என்ற ஒன்றே இல்லாத காலத்தில், நம் தஞ்சாவூரில் ஒரு மன்னர் மருத்துவசாலை நடத்தினார். ஒவ்வொரு நோயாளியையும் பற்றி எழுதி வைக்கச் செய்தார். அந்த ஏடுகளில் சில இன்றும் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. அந்த மன்னர்தான் இரண்டாம் சரபோஜி.

இருட்டறையில் இளவரசர்

சரபோஜி 1777ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் பிறந்தார். பிறக்கும்போது அவர் அரச குமாரர் அல்ல. மராட்டிய போன்சலே வம்சத்தின் ஒரு கிளையைச் சேர்ந்தவர்.

அப்போது தஞ்சையை ஆண்டவர் துளஜா மன்னர். அவருடைய பிள்ளைகள் எல்லோரும் இறந்துவிட்டார்கள். அவரும் நோயில் படுத்தார். 1787ல் சரபோஜியைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். பையனுக்கு அப்போது ஒன்பது வயது.

அதே ஆண்டில் துளஜா மன்னர் காலமானார். பையனைக் காப்பாற்றும் பொறுப்பை அவர் நம்பி ஒப்படைக்க நினைத்தது ஒரு ஜெர்மன் பாதிரியாரிடம். அவர் பெயர் சுவார்ட்ஸ். 1750ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர். தமிழ் நன்றாகப் பேசுவார். ஐதர் அலியே அவர் சொல்லை நம்பினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அரியணை ஏறியவர் துளஜாவின் சகோதரர் அமர்சிங். சுவீகாரம் செல்லாது என்று பண்டிதர்களைக் கொண்டு சொல்லச் செய்தார்கள். சிறுவன் சரபோஜி அரண்மனையில் ஓர் அறையில் அடைபட்டுக் கிடந்தான். பலகணிகள் சாத்தப்பட்டிருந்தன. பகலிலும் விளக்கு வெளிச்சம்தான். எழுத்துச் சொல்லிக் கொடுக்கக்கூட ஆள் இல்லை.

சுவார்ட்ஸ் பாதிரியார் நேரில் போய்ப் பார்த்தார். மனம் பொறுக்காமல் கும்பினி அதிகாரிகளிடம் முறையிட்டார். ஒரு முறையல்ல, பல முறை. கடைசியில் 1793ல் சரபோஜியும், துளஜாவின் விதவை அரசிகளும் பாதுகாப்பாகச் சென்னைப் பட்டணத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே கெரிக்கே என்ற பாதிரியார் சரபோஜிக்குப் பாடம் சொல்லித் தந்தார். ஆங்கிலம் வந்தது. கணக்கு, பூகோளம், விஞ்ஞானம் எல்லாம் வந்தன.

இருட்டறையில் கிடந்த அந்தப் பிள்ளை, பிற்காலத்தில் மற்றவர்களுடைய கண்ணுக்கு வெளிச்சம் தேடியவராக ஆனார். இரண்டையும் முடிச்சுப் போடுவது என் ஆசை. மன்னர் அப்படி எங்கும் சொல்லவில்லை.

நாடில்லாத அரசர்

பண்டிதர்கள் முன்பு சொன்ன தீர்ப்பு பிறகு மாறியது. சுவீகாரம் செல்லும் என்று முடிவாயிற்று. 1798 ஜூன் மாதம் சரபோஜி அரியணை ஏறினார். அவருக்கு வயது இருபது. ஆனால் அதைப் பார்க்க சுவார்ட்ஸ் இல்லை. அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே அவர் இறந்துவிட்டார். சாகக் கிடந்த பாதிரியாரின் கையைச் சரபோஜி பிடித்துக்கொண்டு நிற்கும் பளிங்குச் சிற்பம் தஞ்சைக் கோட்டைக்குள் சிவகங்கைத் தோட்டத்தருகே உள்ள மாதா கோயிலில் இருக்கிறது. லண்டன் சிற்பி பிளாக்ஸ்மன் செய்தது. சிற்பத்தைச் செய்வித்து அனுப்பச் சொன்னவர் சரபோஜியே.

மறு ஆண்டே கும்பினியார் விலை கேட்டார்கள். 1799 அக்டோபரில் ஓர் உடன்படிக்கை. காவிரி பாயும் சோழவள நாடு முழுவதன் நிர்வாகமும் கும்பினிக்குப் போயிற்று. மன்னருக்கு மிஞ்சியது தஞ்சைக் கோட்டை. ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகன். வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. வயல் அத்தனையும் கை மாறின. நெல் கணக்கு கலெக்டர் கச்சேரிக்குப் போயிற்று.

நாடில்லாத அரசர் என்ன செய்வார்? வேட்டை, நாட்டியம், விருந்து என்று காலம் தள்ளியவர்கள் எத்தனையோ பேர். சரபோஜி புத்தகம் வாங்கினார். சீமையிலிருந்து ஆயிரக்கணக்கில் வாங்கினார். காசி யாத்திரை போனபோதும் ஏட்டுச் சுவடிகளைச் சேர்த்துக்கொண்டு வந்தார். அரண்மனையில் அச்சுக்கூடம் வைத்தார். மனித எலும்பைத் தொட்டால் தீட்டு என்று இருந்த அரண்மனைக்குச் செயற்கை எலும்புக்கூடு ஒன்றைச் சீமையிலிருந்து வரவழைத்து, உடம்பின் அமைப்பைப் படித்தார். 1826ல் தஞ்சைக்கு வந்த ஹீபர் என்ற பிஷப், இவருடைய படிப்பைப் பார்த்து வியந்து எழுதி வைத்துவிட்டுப் போனார்.

சத்திரத்தில் வைத்தியர்

கும்பினி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டபோது சரபோஜி ஒன்றை மட்டும் விட மாட்டேன் என்றார். அவை சத்திரங்கள். இராமேசுவரம் போகும் சாலையில் அவருடைய முன்னோர்கள் கட்டியவை. 1801ல் இதுபற்றி ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களில் என்ன நடக்கிறது என்று அதில் விவரமாகச் சொல்லியிருக்கிறார்.

பிராமணர் முதல் தாழ்த்தப்பட்டவர் வரை, எந்த மதத்தாராக இருந்தாலும், வழிப்போக்கர் யாவருக்கும் அங்கே சோறு உண்டு. நோயாளிகளைக் கவனிக்க வைத்தியர் உண்டு. விஷக்கடிக்கு மருந்து தெரிந்தவர் உண்டு. நடக்க முடியாமல் விழுந்தவருக்கு, குணமாகும் வரை மருந்தும் பத்திய உணவும் உண்டு. கர்ப்பிணி வந்தால் அங்கேயே பிரசவம். பிரசவத்துக்குப் பின் மூன்று மாதம் வரை தங்கலாம். தாய் தந்தை இல்லாத குழந்தைக்குப் பால் கொடுத்து வளர்த்தார்கள். இறந்தவருக்கு அவரவர் வழக்கப்படி ஈமக்கடன்.

நாட்டை விட்டுக் கொடுத்தவர் இதற்காக மன்றாடியிருக்கிறார். பின்னர் ஒரத்தநாட்டில், தம் அன்புக்குரிய முக்தாம்பாள் பெயரால் அவரே ஒரு பெரிய சத்திரம் கட்டினார். இன்றும் அந்த வழியாகப் போகிறவர்கள் அந்தக் கட்டடத்தைப் பார்க்கலாம்.

தன்வந்திரி மகால்

அவருடைய பெரிய முயற்சி தன்வந்திரி மகால். அது வெறும் மருந்துக் கடை அல்ல. ஆயுர்வேத வைத்தியர், சித்த வைத்தியர், யுனானி ஹக்கீம், ஆங்கில டாக்டர் எல்லோரும் ஒரே இடத்தில் வேலை செய்தார்கள். அந்தக் காலத்தில் இது சின்ன விஷயம் அல்ல. ஒரு வைத்தியர் சொன்னதை இன்னொருவர் ஒப்புக்கொள்வது இன்றைக்கே அபூர்வம்!

மூலிகைகளை வண்ணச் சித்திரமாக எழுத வைத்தார். மனிதருக்கு மட்டுமன்றி, குதிரை, யானை, பறவைகளுக்கும் மருந்து தேடினார்கள். கைகண்ட முறைகளைத் தொகுத்து, அரண்மனைப் புலவர்களைக் கொண்டு தமிழில் பாட்டாகப் பாட வைத்தார். அவற்றுக்குச் சரபேந்திர வைத்திய முறைகள் என்று பெயர். கண் நோய், நீரிழிவு, இருமல், இழைப்பு, பிள்ளை நோய் என்று வகை வகையாகப் பிரித்திருக்கிறார்கள். சரஸ்வதி மகால் அவற்றைப் புத்தகங்களாக வெளியிட்டிருக்கிறது.

நம் வைத்தியர்களிடம் ஒரு பேச்சு உண்டு: மருந்து நல்லதுதான், ஆனால் இந்த உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்பார்கள். நாடி பார்ப்பதும், தேகவாகைப் பார்ப்பதும், வயதையும் பசியையும் தூக்கத்தையும் விசாரிப்பதும் அதற்காகத்தான். வள்ளுவரும் மருந்து என்ற அதிகாரத்தில் நோயாளியின் அளவையும், நோயின் அளவையும், காலத்தையும் பார்த்துச் செய்யச் சொல்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகில் இருந்து கவனிப்பவர் என்று நான்கையும் வைத்தியத்தின் பகுதியாகச் சொல்கிறார். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று பல் மருத்துவர் கேட்டாரே, அந்த ஆள்தான் நான்காவது.

கத்திக்கு முன்னால்

மருந்து கொடுப்பதில் தவறினால் மாற்று மருந்து உண்டு. கத்தி வைத்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. அதுவும் கண்ணில்!

சரபோஜி மிகவும் ஆசைப்பட்டுக் கற்றது கண் வைத்தியம். கண்ணில் புரை விழுந்து பார்வை போனவர்கள் அவருடைய வைத்தியசாலைக்கு வந்தார்கள். மன்னரே சிகிச்சை செய்தார் என்று தஞ்சையில் பெருமையாகச் சொல்வார்கள். மக்பீன் என்ற ஆங்கில மருத்துவர் அவருக்குத் துணையாக இருந்தார்.

அந்தக் காலத்தில் புரை எடுப்பது எப்படி என்று நினைத்துப் பாருங்கள். நோயாளிக்கு முழு நினைவு. மரத்துப்போக ஊசி இல்லை. கண்ணுக்குச் சொட்டு மருந்து இல்லை. கூரிய ஊசியால் புரையைப் பார்வைக்குக் குறுக்கே இல்லாமல் கீழே தள்ளுவது நம் நாட்டுப் பழைய முறை. சுசுருதர் நூலிலேயே இருக்கிறது. கண்ணைக் கீறிப் புரையை வெளியே எடுப்பது 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் டேவியல் என்பவர் கொண்டுவந்த முறை. எதுவானாலும் நோயாளி இமைக்காமல், அசையாமல் இருக்க வேண்டும். ஒரு தும்மல் போதும், கண் போய்விடும்.

வலியைக் குறைக்க இருந்தவை சாராயமும் அபினும்தான். அவற்றை நம்ப முடியாது. குறைந்தால் பயன் இல்லை. கூடினால் மூச்சு நின்றுவிடும்.

ஆகவே அந்தக் காலத்து மருத்துவருக்குக் கையைவிடக் கண்ணும் காதும் முக்கியம். இவருக்குச் செய்யலாமா, கூடாதா என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். புரை பழுத்திருக்கிறதா? விளக்கைக் காட்டினால் வெளிச்சமாவது தெரிகிறதா? இருமல் இருக்கிறதா? மல்லாந்து அசையாமல் படுப்பாரா? பயந்து கையைத் தட்டிவிடும் ஆளா? வீட்டில் கவனிக்க யாராவது உண்டா?

இதில் சுசுருதர் சொன்ன ஒன்று என்னைத் திகைக்க வைத்தது. பொதுவாகச் சத்திர சிகிச்சைக்கு முன் நோயாளிக்கு உணவு கொடுக்கச் சொல்கிறார். மயங்கி விழாமல் இருப்பாராம். குடிப்பழக்கம் உள்ளவருக்கு மதுவும் கொடுக்கச் சொல்கிறார், வலி தெரியாதாம். ஆனால் சிலருக்கு மட்டும் வெறும் வயிற்றில்தான் செய்ய வேண்டும் என்று விலக்கு வைக்கிறார். அந்தப் பட்டியலில் வாய் நோய்களும் இருக்கின்றன! காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்ற பல் மருத்துவரின் கேள்வி எவ்வளவு பழையது, பாருங்கள். கண்ணில் ஊசி போட்ட பிறகு இருமல், தும்மல், ஏப்பம் எதுவும் கூடாது என்றும் எழுதியிருக்கிறார்.

சரபோஜியின் ஏடுகள் இங்கேதான் முக்கியமாகின்றன. நோயாளி யார், கண்ணில் என்ன குறை, என்ன சிகிச்சை நடந்தது, பிறகு எப்படி இருந்தது என்று ஆள் ஆளாகக் குறித்திருக்கிறார்கள். சில ஆங்கிலத்தில், சில மராட்டியரின் மோடி எழுத்தில். நோயுற்ற கண்களை அப்படியே வண்ணத்தில் சித்திரமாகவும் எழுதியிருக்கிறார்கள். இமை, விழி, சிவந்த நரம்பு எல்லாம் தெரிகின்றன. பத்துப் பேரைப் பற்றி எழுதி வைத்தவருக்குப் பதினோராவது ஆள் வரும்போது, யாருக்குச் செய்தால் பார்வை வரும், யாருக்குத் தொடவே கூடாது என்று கொஞ்சம் தெரியும். எழுதி வைக்காதவருக்கு ஒவ்வொரு நோயாளியும் முதல் நோயாளிதான்.

1832 மார்ச் 7ஆம் நாள் சரபோஜி மன்னர் காலமானார். அவருக்கு வயது ஐம்பத்து நான்கு.

அவர் பார்க்காத மருந்து

அவர் இன்னும் பதின்மூன்று ஆண்டு இருந்திருந்தால் ஒரு விந்தையைக் கேள்விப்பட்டிருப்பார். 1844 டிசம்பரில் அமெரிக்காவில் ஓரேஸ் வெல்ஸ் என்ற பல் வைத்தியர், சிரிப்பு வாயுவை இழுத்துக்கொண்டு தம் பல்லையே பிடுங்க வைத்தார். வலி தெரியவில்லை. சில பேருக்குக் கொடுத்துப் பார்த்தார், பலித்தது. மறு மாதம் பாஸ்டன் நகரில் டாக்டர்கள் முன்னிலையில் செய்து காட்டப் போனார். அங்கே நோயாளி கத்திவிட்டார். வாயுப் பையைச் சீக்கிரம் எடுத்துவிட்டார்கள். கூடியிருந்தவர்கள் புரட்டு என்று கேலி செய்தார்கள். மருந்து அதேதான், ஆளுக்குத் தகுந்தபடி கொடுக்கத் தெரியவில்லை. வெல்ஸ் மனம் உடைந்து, 1848ல் முப்பத்து மூன்று வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார்.

1846ல் ஈதர் வந்தது. மறு ஆண்டு குளோரோபாரம் வந்தது. உலகமே கொண்டாடியது. ஆனால் வெல்ஸ் இறந்த அதே வாரத்தில், இங்கிலாந்தில் அன்னா கிரீனர் என்ற பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் கால் நகம் எடுப்பதற்காகக் குளோரோபாரம் கொடுத்தார்கள். சில நிமிஷங்களில் பெண் இறந்துபோனாள். நகத்துக்காக ஓர் உயிர். வலியைப் போக்கும் மருந்துக்கும் ஆள் பார்க்க வேண்டும் என்று அப்போதுதான் ஊருக்கு உறைத்தது.

1884ல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் டாக்டர் கொக்கேயின் சொட்டினால் கண்ணை மரத்துப்போகச் செய்யலாம் என்று கண்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் நியூயார்க்கில் அதே மருந்தை ஊசியால் செலுத்தித் தாடையையும் பல்லையும் மரத்துப்போகச் செய்தார்கள். கண்ணுக்கு வந்த மருந்துதான் பல்லுக்கும் வந்தது. சரபோஜி காலமாகி ஐம்பத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இன்று பெரும்பாலான பற்களை எடுக்க, அந்த இடத்தை மரத்துப்போகச் செய்யும் ஊசியே போதும். மிகவும் பயப்படுகிறவர்கள், சிறு குழந்தைகள், நீண்ட நேரம் வேலை வேண்டியவர்கள் ஆகியோருக்கே அதற்கு மேல் மயக்கம் தேவைப்படுகிறது. சிரிப்பு வாயுவை ஆக்சிஜனோடு கலந்து மூக்கு வழியாகக் கொடுப்பது லேசான முறை. ஆனால் மூக்கடைப்பு இருந்தால் அது பயன்படாது. நரம்பு வழியாகக் கொடுப்பது அதைவிட ஆழமானது. அதற்குப் பொதுவாக ஆறு மணி நேரம் சோறு கூடாது, இரண்டு மணி நேரம் தண்ணீர்கூடக் கூடாது என்பார்கள். மயக்கத்தில் சாப்பாடு மேலே வந்து மூச்சுக்குழாயில் போய்விடக்கூடும். தூக்கத்தில் மூச்சுத் தடைப்பட்டுப் பலமாகக் குறட்டை விடுகிறவருக்கு மயக்கத்திலும் மூச்சுத் தடைப்படும். தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தால் மயக்கம் அளவு மீறும். கர்ப்பமாக இருக்கும் பெண் அதைச் சொல்லாமல் விடக்கூடாது. இருதய நோய், நீரிழிவு, முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனது, எல்லாமே சொல்ல வேண்டியவை.

நம் வீடுகளில் இதை மறைக்கிற வழக்கம் உண்டு. காலையில் ஒரு வாய் பழைய சோறு சாப்பிட்டதைச் சொன்னால் நாள் தள்ளிப்போகும் என்று பாட்டி சொல்ல மாட்டாள். குடிப்பதைச் சொன்னால் மானம் போகும் என்று தாத்தா வாயைத் திறக்க மாட்டார். பிள்ளைக்கு இழைப்பு வருவதைச் சொன்னால் டாக்டர் மறுத்துவிடுவாரோ என்று தாய் தயங்குவாள். டாக்டர் சில சமயம் மறுக்கத்தான் செய்வார். இன்று வேண்டாம், சளி போனபின் வாருங்கள் என்பார். அல்லது பெரிய ஆஸ்பத்திரியில் மயக்க மருத்துவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யலாம் என்பார். கோபித்துக்கொண்டு வேறு இடம் தேடிப் போகாதீர்கள்.

சரஸ்வதி மகால் 1918ல் பொதுமக்களுக்கு உரியதாயிற்று. தஞ்சைக்குப் போகிறவர்கள் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அரண்மனைக்கும் போய்வாருங்கள். மன்னர் சேர்த்த புத்தகங்களும் சுவடிகளும் அங்கேதான் இருக்கின்றன. அந்தக் கண் சித்திரங்களும் அங்கேதான், இருநூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் வைத்தியர் முன்னால் பயந்து விழித்த விழியோடு.